படிக்காமல் முத்திரை குத்திய ஒரு சொல்

போன மாதம் நிர்மலா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். ஈப்போவில் ஒரு கல்வி அலுவலகம், அதில் சிறப்புக் கல்விப் பிரிவு, வாசலுக்கு இடது பக்கம் மூன்றாவது மேசை. நாற்காலியின் ஒரு சக்கரம் மட்டும் சுற்றாது. மற்றபடி நல்ல இடம்.

“அக்கா, கவுண்டருக்கு வர்ற அம்மா அப்பாங்க எல்லாரும் திரும்பத் திரும்ப அதே சொல்லுங்களுக்குத்தான் அர்த்தம் கேக்கறாங்க. நீங்க ஒரு லிஸ்ட் எழுதிக் குடுங்களேன். மலாய் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம். கண்ணாடியில ஒட்டிடறோம்.”

“எத்தனை சொல்லு?”

“ஒரு முப்பது இருக்கும் லா. உங்களுக்கு ரெண்டு நாளு போதும்.”

குனோங் ராபாட்டில் உள்ள என் வீட்டில் ஒரு குவளைத் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் எழுதும்போது அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வந்து நிற்கிறார். அவரை விட்டுவிட்டு எப்படி அடுத்த வரிக்குப் போவது? நிர்மலாவுக்குப் பட்டியல் இன்னும் போய்ச் சேரவில்லை. அதற்குள் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முடித்து, தட்டச்சு கற்று, அரசாங்கத் தேர்வு எழுதி, எழுத்தராக வேலைக்கு வந்தேன். தோட்டத்தில் கிராணி என்றால் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தோடு நின்று பெயர் கூப்பிடுகிறவர், அவர் முன்னால் என் அப்பா தொப்பியைக் கழற்றுவார். மகளே கிராணி ஆகிவிட்டாள் என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. “காத்தாடிக்குக் கீழ உக்காந்து வேல” என்று கோயில் பூசாரிவரை போய்ச் சொன்னார். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், ஆனாலும் பூசாரியை விடவில்லை.

முதல் பன்னிரண்டு வருடம் சம்பளப் பிரிவு, தளவாடப் பிரிவு, தேர்வுப் பிரிவு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஸ்டேப்ளர் அடித்தேன். பிறகு சிறப்புக் கல்விக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எனக்கு நினைவிருப்பது கோழிச் சோறு நன்றாக இருந்தது என்பதுதான்.

வேலைக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பிரிவில் பாதி வேலை சொற்களோடுதான். பழைய கோப்புகளில் பிள்ளைகளுக்கு எழுதியிருந்த பெயர்களை இப்போது நான் இங்கே எழுத மாட்டேன். சட்டம் மாறும், சுற்றறிக்கை வரும், பழைய படிவங்களில் பழைய சொல்லை அளவுகோல் வைத்து அடித்துவிட்டு மேலே புதிய சொல்லை எழுத வேண்டும். ‘கற்றல் பிரச்சினை உடையவர்’ என்று ஒரு காலம். ‘சிறப்புத் தேவை உடைய மாணவர்’ என்று பிறகு. நான் அடித்த கோடுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் தைப்பிங் வரைக்கும் போகும். பெற்றோர்களோ வீட்டில் சொல்லும் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்: “அவன் கொஞ்சம் மெதுவா இருப்பாங்கா.” என்னைக் கேட்டால் எல்லாச் சொல்லிலும் அதுதான் நல்ல சொல்.

ஒரு நாள் கமுந்திங்கிலிருந்து ஒரு அப்பா வந்தார். தொழிற்சாலைச் சீருடை, கையில் கசங்கிய கடிதம், முகமெல்லாம் வேர்வை. கவுண்டரில் நின்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அக்கா, என் மகனுக்கு ஒம்போது வயசு. அவன் சிகரெட்டு கூடத் தொட்டதில்ல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பையனை ‘பெமுலிஹான்’ வகுப்புக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாகப் பள்ளி எழுதியிருந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தூக்கிவிடும் வகுப்பு, தமிழ்ப்பள்ளிகளில் மீட்புக் கல்வி என்பார்கள். ஆனால் அந்த மனிதர் அந்த மலாய்ச் சொல்லை வாழ்க்கையில் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறார்: போதைப் பித்தர்களை மீட்கும் நிலையத்தின் பெயர்ப்பலகையில்.

விளக்கிச் சொன்னேன். அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

“நேத்து அவன் தூங்கினதுக்கப்புறம் பென்சில் பாக்ஸ மோந்து பாத்தேங்கா,” என்றார்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். போகும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

இப்படித் தினமும் ஒன்று நடக்கும். அதனால் எனக்கு வேலை சலித்ததே இல்லை. சலிக்காததற்கு இன்னொரு காரணம் புவான் ரொஹானி.

எங்கள் பிரிவின் அதிகாரி அவர்; புவான் என்றால் மலாயில் அம்மையார். குள்ளமாக இருப்பார், வேகமாக நடப்பார், கதவைச் சாத்த மாட்டார். மேசையில் ஒரு டின் நிறைய ரொட்டிக் குச்சி, ஒரு மர அளவுகோல், அதோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஒரு பென்சில். அலுவலகத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தையும் அளவுகோலை வரிக்கு அடியில் வைத்துப் படிப்பார். பிடிக்காத சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். திட்ட மாட்டார், குறிப்பு எழுத மாட்டார். வட்டத்தோடு கடிதம் திரும்பி வரும். ஏன் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

யாராவது வந்து, “புவான், இந்த விதிப்படி அந்தப் பிள்ளையைச் சேர்க்க முடியாது” என்றால், அளவுகோலை நீட்டி, “யாங் மானா சத்து?” என்பார். எது, எந்தச் சொல் என்று அர்த்தம். விதி என்று மொத்தமாகச் சொன்னால் அவர் ஏற்க மாட்டார். விதியில் எந்தச் சொல் தடுக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டப் போனவர்களில் பாதிப் பேர் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று கண்டுபிடித்துத் திரும்பி வருவார்கள்.

தமிழ்ப் பெற்றோருக்குப் போகும் கடிதம் என்றால் இன்னொரு சடங்கும் உண்டு. என்னை உட்கார வைப்பார்.

“ஸ்டெல்லா, இதை உன் வீட்டுச் சமையலறையில் சொல்வது மாதிரி சொல்.”

அவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. நான் தமிழில் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்பார். நடுவே தப்பித் தவறி ஒரு மலாய்ச் சொல்லைப் போட்டுவிட்டால் அளவுகோல் மேசையில் டொக் என்று விழும்.

“அது என் சொல். உன் சொல்லைக் கொடு.”

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. என்னிடம் என் சொல் இருக்காது, அதுதான் எரிச்சல். வருடக்கணக்கில் அந்தச் சொற்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன், முத்திரை குத்தியிருக்கிறேன், ஆனால் அதை என் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு மூன்று மாதம் ஆனது பழக. பிறகு எனக்கே அது பிடித்துப்போனது.

ஆனால் ஒன்று. அந்தச் சடங்கு வெளியே போகும் கடிதங்களுக்குத்தான். உள்ளே வரும் படிவங்களுக்கு இல்லை. அதுதான் என்னை மாட்டிவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு காலை நேரம், ஒரு அம்மா கவுண்டருக்கு வந்தார். பரமேஸ்வரி என்று பெயர். ஆயர் தாவார் பக்கத்தில் பழைய ரப்பர் தோட்டம் ஒன்று இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடாக இருக்கிறது, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கூடவே எட்டு வயது மகள் கவிதா. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. நீலப் பினாஃபோர், வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல் முழுச் சீருடை, தோளில் பை. உள்ளே வந்ததும் கவுண்டரைச் சுற்றி வந்து, என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அந்தச் சுற்றாத சக்கரத்தைச் சுற்றவைக்கப் பார்த்தாள்.

“இன்னிக்கு ஸ்கூல் லீவா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. எப்ப கூப்பிடுவீங்கன்னு கேக்கத்தான் வந்தோம்.”

“நாங்க கூப்பிடணுமா? எதுக்கு?”

“ஸ்கூல்ல சொன்னாங்க. ஒரு பாரத்துல அவங்க அப்பா கையெழுத்துப் போட்டா பரீட்சை எழுத வேணாம், பரீட்சை இல்லாத கிளாஸுக்கு மாத்திருவாங்க, ஆபிஸ்லேருந்து போன் வரும்னு. வரல. ஏழு மாசமாச்சு. நானும் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் துணிய இஸ்திரி போட்டு வெச்சிருவேன். திடீர்னு கூப்பிட்டா போலாம்ல?”

கோப்பை எடுத்தேன். மேலேயே இருந்தது அந்தப் படிவம். தலைப்பில் ‘பெங்கெச்சுவாலியான்’ என்ற சொல். விலக்கு. பரீட்சையிலிருந்து விலக்கு என்று எந்த இடத்திலும் இல்லை. இந்த நாட்டில் ஆறு வயது ஆன பிள்ளையைப் பெற்றோர் கட்டாயம் ஆரம்பப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்திலிருந்தே இந்தப் பிள்ளைக்கு விலக்கு கொடுங்கள் என்று கேட்கும் படிவம் அது. காரணம் என்ற இடத்தில், ‘பெற்றோரின் சொந்த விருப்பத்தின் பேரில்’. கீழே அப்பா மணியத்தின் கையெழுத்து. அதற்கும் கீழே ‘பெறப்பட்டது’ என்ற முத்திரை. முத்திரையின் ஓரத்தில் சின்னதாக எழுத்தரின் சுருக்கக் கையெழுத்து.

என் கையெழுத்து.

படிவம் இன்னும் முடிவாகியிருக்கவில்லை. ஒரு மருத்துவ அறிக்கை வரவில்லை என்று தட்டில் கிடந்தது. அது ஒன்றுதான் நல்ல செய்தி. ஆனால் அந்த ஏழு மாதமும் கவிதா பள்ளியிலும் இல்லை, சட்டப்படி வீட்டிலும் இல்லை. எங்கள் தட்டில் இருந்தாள்.

சமையலறையில் சொல்வது மாதிரி சொல்ல வேண்டும். சொன்னேன்.

“தங்கச்சி, இது பரீட்சைய விட்டு நிறுத்துற பாரம் இல்ல. பள்ளிக்கூடத்த விட்டே நிறுத்துற பாரம். இவள இனிமே பள்ளிக்கு அனுப்ப வேணாம்னு நீங்களே கேட்ட மாதிரி எழுதியிருக்கு.”

பரமேஸ்வரி அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. எழுந்து போய் மகளின் தோளிலிருந்து பள்ளிப் பையைக் கழற்றி, தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கோப்போடு புவான் ரொஹானியின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

“யாங் மானா சத்து?”

தலைப்பில் இருந்த சொல்லைக் காட்டினேன். அவர் அளவுகோலை மெல்லக் கீழே இழுத்துக்கொண்டே வந்து என் சுருக்கக் கையெழுத்தில் நிறுத்தினார்.

“இதைச் சமையலறையில் சொல்வது மாதிரி சொன்னாயா?”

“இல்லை புவான். அது வெளியே போகிற கடிதங்களுக்குத்தானே.”

சொல்லி முடிக்கும்போதே அந்தப் பதில் எனக்கு அருவருப்பாக இருந்தது. புவான் ரொட்டி டின்னை என் பக்கம் தள்ளினார்.

“இன்றிலிருந்து உள்ளே வருவதற்கும்,” என்றார். “நாளைக்கு ஆயர் தாவார் போகிறோம். கையெழுத்துப் போட்டவரே அதைத் திரும்பப் பெற வேண்டும். மனைவி போட்டால் செல்லாது.”

மறுநாள் அவருடைய காரில் போனோம். தோட்டம் கைமாறியபோது வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். வீட்டுக்குப் பின்பக்கச் சுவரிலிருந்தே செம்பனை மரங்கள் ஆரம்பித்தன. மணியம் செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் ஓட்டுநர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். புவானுக்கு நாற்காலி போட்டார், சிரப்புத் தண்ணீர் கலக்கச் சொன்னார், எங்களுக்கு எதிரே உட்காராமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

நான் படிவத்தை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். பள்ளியில் அவசரத்தில் தப்பாக விளக்கியிருக்கிறார்கள், ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் திரும்பப் பெற்றுவிடலாம் என்றேன்.

“யாரும் தப்பா வெளக்கல,” என்றார் மணியம். “நான் தெரிஞ்சுதான் போட்டேன்.”

பரமேஸ்வரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“தம்பி, உங்க சம்சாரம் வேற மாதிரி சொன்னாங்களே?”

“அவளுக்கு என்னா தெரியும். நான் படிச்சுப் பாத்துத்தான் போட்டேன். புள்ளைக்கு முடியல. ஸ்கூல் வேணாம்னு நெனச்சேன். அவ்வளவுதான் லா.”

அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்கிறார் என்றும் தெரிந்தது. தெரிந்து போட்டேன் என்றால் அவர் கொஞ்சம் கடினமான அப்பா. தெரியாமல் போட்டேன் என்றால், சொந்த மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு எடுக்கும் தாளில், படிக்காமல் கையெழுத்துப் போட்ட அப்பா. இரண்டாவதைச் சுமக்க அவரால் முடியவில்லை. அதுவும் மனைவி காதுபட, இரண்டு அரசாங்க ஊழியர்கள் முன்னால்.

புவானுக்குத் தமிழ் புரியவில்லை என்றாலும் முகம் புரிந்தது. என்னைப் பார்த்தார்.

நான் படிவத்தை அவர் கையில் கொடுத்தேன்.

“கீழ ஒரு சாப்பு குத்தியிருக்கு பாருங்க. பக்கத்துல ஒரு கையெழுத்து. அது யாருதுன்னு தெரியுமா?”

“யாரு?”

“நான்தான்.”

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நீங்க அங்க கிராணிதானே?”

“கிராணிதான்.”

“உங்களுக்கு இந்தச் சொல்லெல்லாம் தெரியும்தானே?”

“நல்லாத் தெரியும்.”

“அப்புறம் ஏங்கா படிக்கல?”

“அன்னிக்கு மேசை மேல ஒரு கட்டுப் பாரம் கெடந்துச்சு. கையெழுத்து இருக்கா, தேதி இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. குத்திட்டேன். எட்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு விலக்குன்னு ஒரு நிமிஷம் நின்னிருந்தா, அன்னிக்கே உங்களுக்குப் போன் பண்ணியிருப்பேன். இவ ஏழு மாசம் வீட்ல உக்காந்திருக்க மாட்டா. அது என் மேலதான் தம்பி.”

வெளியே லாரி ஒன்று போனது. வீடு முழுக்க அதிர்ந்து அடங்கியது. மணியம் நிலையை விட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“கையெழுத்து எங்க போடணும்னு பென்சில்ல புள்ளி வெச்சிருந்தாங்கக்கா,” என்றார். “அங்க போட்டேன். லாரிய ரோட்டுல நிப்பாட்டிட்டு வந்தேன், சீக்கிரம் போவணும். பரீட்சை இல்லன்னாங்க. எனக்கு சந்தோஷமாப் போச்சு.”

சமையலறையில் எதுவோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பரமேஸ்வரி வந்து கணவர் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“நான் தமிழ்ப்பள்ளியில ஆறாவது வரைக்கும்தான். தமிழ்ல எழுதினா எடுத்துக்குவீங்களா?”

புவானிடம் கேட்டேன். “எழுதட்டும்,” என்றார். “மொழிபெயர்ப்பை நீ இணை. அடியில் உன் முழுப் பெயரைப் போடு. சுருக்கக் கையெழுத்து வேண்டாம்.”

மணியம் குனிந்து, மெதுவாக எழுதினார். இரண்டே வரி. ‘என் மகள் கவிதாவை பள்ளிகூடத்தை விட்டு விலக்க சொல்லி நான் கேட்கவில்லை. இனிமேலும் கேட்கமாட்டேன்.’ ஒற்று விழவில்லை. அலுவலக மலாயில் அதை மொழிபெயர்த்தபோது இரண்டாவது வரி தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. கடிதத்தின் வேலை முதல் வரியிலேயே முடிந்துவிடுகிறது. அளவுகோலோடு படித்த புவான், நான் விட்டுவிட்ட இடத்தில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். சேர்த்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், முடியவில்லை. பள்ளியில் இன்னொரு சொல் காத்திருந்தது.

சிறப்புக் கல்வி வகுப்பில் சேரும் பிள்ளைக்கு மூன்று மாதம் சோதனைக் காலம் உண்டு. முடிவில் ஆசிரியர் அறிக்கை எழுதுவார். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் எழுதிய கவிதாவின் அறிக்கையில், ‘தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவர்’ என்று எழுதியிருந்தார்கள். அப்போதைய விதிமுறைப்படி, பிறரைச் சார்ந்திராமல் தன்னைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளைத்தான் அந்த வகுப்பில் சேர்க்கலாம். விலக்கு போனாலும் இந்தச் சொற்றொடர் வாசலில் நின்றது.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டம். தலைமையாசிரியர், வகுப்பாசிரியை, பெற்றோர், புவான், குறிப்பெடுக்க நான். கவிதாவும் வந்திருந்தாள். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். ஒரு வகுப்பறை, இருக்க வேண்டியதைவிட அதிகப் பிள்ளைகள், ஒரே உதவியாளர். அவர் அறிக்கையை வாசித்தார்: சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாது, உணவு டப்பா மூடியைத் திறக்க முடியாது, கழிவறையில் உதவி தேவை.

“யாங் மானா சத்து?” என்றார் புவான். “விதியில் சப்பாத்துக் கயிறு எங்கே இருக்கிறது?”

“அது ஓர் உதாரணம், புவான்.”

“சரி. விதியில் உதாரணம் இருக்கிறதா?”

இல்லை. சொற்றொடர் மட்டும்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மேசைக்கு அடியிலிருந்து சர்ர் என்று ஒரு சத்தம். பேச்சு அலுத்துப்போன கவிதா தன் சப்பாத்தின் ஒட்டுப்பட்டையைப் பிரித்துக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள், ஒட்டினாள், பிரித்தாள். யாரும் சொல்லிக் கொடுத்து அவள் அதைச் செய்யவில்லை. தலைமையாசிரியர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவருடைய சப்பாத்தும் கயிறில்லாத சப்பாத்து.

புவான் சிரிக்கவில்லை. அளவுகோலை அறிக்கையின் கடைசி வரிக்கு அடியில் வைத்தார்.

“கழிவறை. இது உண்மையான கேள்வி. இவளால் கேட்க முடியுமா? போக வேண்டும் என்று சொல்கிறாளா?”

“சொல்வாள்,” என்றார் வகுப்பாசிரியை. “கையைத் தூக்குவாள். ஆனால் கூட ஒருவர் போக வேண்டும்.”

“உங்கள் வகுப்பில் இருக்கும் உதவியாளரின் பதவிப் பெயர் என்ன?”

ஆசிரியை மலாயில் அந்தப் பெயரைச் சொன்னார். மாணவரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் என்பது அதன் பொருள்.

“விதியை எழுதிய அதே அரசாங்கம்தான் இந்தப் பதவியையும் உண்டாக்கியது,” என்றார் புவான். “யாருடைய உதவியும் தேவைப்படாத பிள்ளைகள் மட்டும்தான் வகுப்புக்கு வருவார்கள் என்றால், இந்த உதவியாளர் யாரைப் பார்த்துக்கொள்ள? இரண்டு சொல்லும் ஒரே வகுப்பில் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டையும் வாழவைக்கிற மாதிரி படியுங்கள்.”

நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். முப்பது வருட வேலையில் அப்படி நிறுத்தியது அந்த ஒரு தடவைதான். பிறகு வகுப்பாசிரியையிடம் புவான் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

கடைசியில், இருபது நிமிடத் தூரத்தில் உள்ள இன்னொரு பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே இரண்டு உதவியாளர்கள் இருந்தார்கள். சோதனைக் காலத்தை முதலிலிருந்து கணக்கிடச் சொன்னார் புவான். காலையில் லாரி எடுப்பதற்கு முன் மணியமே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். மூன்று மாதம் கழித்து வந்த அறிக்கையில் ‘தொடரலாம்’ என்று இருந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் நான் சமையலறைத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே மலாயில் போனில் வாசித்தேன். பரமேஸ்வரிக்குப் புரிந்தது.

எங்கள் அலுவலகத்தில் அன்றிலிருந்து அந்த விலக்குப் படிவம் எது வந்தாலும் முத்திரைக்கு முன் பெற்றோருக்கு ஒரு போன். வேலை இரட்டிப்பானது. மற்ற எழுத்தர்கள் என்னை வாயாரச் சபித்தார்கள். முதல் மாதத்திலேயே இன்னோர் அப்பா, “என்னா பாரம்? நான் போட்டேனா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் சபிக்கவில்லை. இப்போது எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்று கொள்கையே வந்துவிட்டது. நல்லது. ஆனாலும் புள்ளி வைத்துக் காட்டுகிற பென்சில் எல்லா மேசையிலும் இருக்கத்தான் செய்கிறது.

மணியத்தின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. சிறப்புக் கல்வி மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுதுவார்கள். ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசி, கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலும் பத்து நிமிட வேலை. புதிய பள்ளியின் ஆசிரியை எனக்குப் போன் செய்தார்.

“உங்க ஆளு ஒரு மணி நேரமா உக்காந்திருக்காருங்க. ஒவ்வொரு சொல்லா வாசிக்கச் சொல்றாரு. அர்த்தம் சொன்னாத்தான் அடுத்த வரிக்கு விடறாரு.”

“நல்லதுதானே டீச்சர்.”

“நல்லதுதான். எனக்கு அடுத்த கிளாஸ் இருக்கு லா!”

அந்தத் திட்டத்தில் ‘நீண்ட கால இலக்கு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட மணியம், ஆசிரியை எழுதியிருந்த ‘அடிப்படை வாழ்க்கைத் திறன்களில் மேம்பாடு’ என்பதை ஒப்புக்கொள்ளவில்லையாம். அப்படின்னா என்னா, எப்படித் தெரியும் மேம்பட்டுச்சுன்னு, என்று கேட்டிருக்கிறார். பிறகு அவரே சொல்லி எழுதவைத்திருக்கிறார்: ‘தனியாகக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருவாள்.’

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்கு மணியம் போன் செய்தார். லாரிச் சத்தம் பின்னால் கேட்டது.

“அக்கா, நேத்து போய்ட்டு வந்துட்டா. தனியா. நான் செம்பனை மரத்துக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், அவளுக்குத் தெரியாது. வழியிலேயே பாதி ரொட்டியத் தின்னுட்டா. பரவால்லதானே?”

“பரவால்ல தம்பி. ரொட்டி வந்துச்சுல்ல.”

“நாளைக்கு ஸ்கூல்ல அந்தத் தாளு கொண்டுவரச் சொன்னாங்க. எலக்குக்குப் பக்கத்துல ஒரு கட்டம் காலியா இருக்கு. டீச்சர் எழுதறதுக்கு முன்னாடி நானே எழுதிட்டுப் போவணும். ‘தெர்ச்சாபாய்’னு எழுதணும்தானே?”

“ஆமா. அதுக்கு அர்த்தம்...”

“அர்த்தம் எனக்குத் தெரியும்கா, எட்டியாச்சு,” என்றார். “நீங்க எழுத்தக் கூட்டி மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக. அவர் லாரி ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே, “ம்... அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.